நிறுத்தி எத்தனை நேரம் ஆச்சுங்க?

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கரிப்பெட்டியைப் பருத்திச் சேலைமேல் வைப்பதற்கு முன்னால் கிண்ணத்துத் தண்ணீரை விரலால் தொட்டுத் தெளிப்பார். பெட்டி இறங்கியதும் சுர்ரென்று ஆவி எழும்பி, சூடான ஈரத்துணியின் வாசனை தெருவில் பரவும். எனக்கு மட்டும் அதோடு பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வருவதுபோல இருக்கும். அங்கே பெட்ரோல் ஏது? பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டோரம் என் தாய்மாமா வைத்திருந்த கார் ஷெட்டில் பள்ளிக்கூட லீவு முழுக்கக் கழித்தவள் நான். கொதிக்கிற இன்ஜினில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு மாமா காத்திருந்த மத்தியானங்கள் அந்த வாசனைக்குள் இருக்கின்றன.

"பொட்டப்புள்ளயப் பட்டறைக்கு எதுக்குடா கூட்டிட்டுப் போற?" என்று அம்முச்சி தினமும் கேட்பாள். மாமா பதில் சொல்ல மாட்டார். சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, "ஏறு கண்ணு" என்பார். அங்கே எனக்கு இரண்டு வேலை. கழற்றிய நட்டு போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே தட்டத்தில் அடுக்கி வைப்பது ஒன்று. மாமா கை எட்டுகிற இடத்தில் டார்ச் வெளிச்சம் விழும்படி பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. தகரக் கூரைக்கு மேல் ஒரு புளியமரம். அதன் நிழல் விழாத இடத்தில்தான் சில வண்டிகளை மாமா வேண்டுமென்றே நிறுத்தச் சொல்வார். ஏன் என்று புரியக் கொஞ்சகாலம் ஆனது.

அப்போது ரோட்டில் ஓடிய கார்களை எண்ணிவிடலாம். வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாய்க் குர்லாவில் செய்த பியட், நம் சென்னைக்குப் பக்கத்திலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு வந்தால் மாமாவுக்குத் தனி உற்சாகம். பானட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமாகக் கவிழும். முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். பெயர் எதுவானாலும் உள்ளே அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு பம்ப்; அதை எல்லா மெக்கானிக்கும் ஏசி பம்ப் என்பார்கள். அங்கிருந்து கார்புரேட்டர். நெருப்புக்கு ஒரு காயில், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். கார்புரேட்டர் வைத்த வண்டி எந்த நாட்டில் செய்ததானாலும், சூட்டோடு நிறுத்தினால் திரும்ப எடுக்காமல் போகிற நோய் அதற்கு வரும். கொங்கு நாட்டு வெயிலில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஷெட்டுக்கு வரும் புகார்களில் பாதி இதுதான்.

வந்தவர் படபடவென்று சொல்லத் தொடங்குவார். பிளக் மாத்தியாச்சு, பேட்டரி புதுசு, எங்க ஊர் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினாரு, ஒண்ணும் கேக்கல. மாமா முழுவதையும் கேட்பார். பிறகு இரண்டே கேள்வி. "செல்ஃப் சுத்துதுங்களா, சுத்தலீங்களா?" சுற்றவில்லை, அல்லது நோயாளியாட்டம் முனகுகிறது என்றால் அது வேறு வழக்கு. பேட்டரி முனையில் பூத்த உப்பு, தளர்ந்த எர்த் கம்பி, செல்ஃபுக்குள் தேய்ந்த புஷ், கார்பன் என்று தேட வேண்டும். செம்புக்கம்பிக்குப் 10 டிகிரி சூடு ஏறினால் தடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். காலையில் தாக்குப்பிடித்த பழைய செல்ஃப் மத்தியானம் கைவிடுவது அதனால்தான். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது கேள்வி வரும்.

"நிறுத்தி எத்தனை நேரங் கழிச்சு எடுக்கலீங்க?"

இதற்குப் பலரும் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். சொல்லும்போதுதான் அவர்களுக்கே ஒரு விஷயம் பிடிபடும். நிறுத்திய உடனே சாவியைத் திருப்பினால் வண்டி எடுத்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்தும் எடுத்துவிடுகிறது. நடுவில், ஒரு டீ குடித்து, பக்கத்துக் கடையில் ஒரு சாமான் வாங்கித் திரும்புகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில்தான் தகராறு. ரயில்வே கேட்டில் இது தெளிவாகத் தெரியும். மீட்டர்கேஜ் ரயிலுக்காகக் கேட்டை மூடினால் எல்லோரும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நிற்பார்கள். ரயில் போய்க் கேட் திறந்ததும் வரிசையில் ஒரு கார் மட்டும் அசையாது; பின்னால் ஹாரன் ஊர்வலம் தொடங்கும்.

இன்ஜினை நிறுத்தினால் சூடு இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மாமா அதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்தார். ஓடும்போது ஃபேன் காற்றடிக்கிறது, வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்றவிடுகிறது, டேங்கிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தியதும் மூன்றும் ஒரே நொடியில் நின்றுபோகும். ஆனால் சைலன்சருக்குப் போகும் பழுக்கக் காய்ந்த குழாயிலும் இன்ஜின் பிளாக்கிலும் உள்ள சூடு எங்கும் போய்விடாது. மூடிய பானட்டுக்குள் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் காயிலுக்கும் ஏறும். அதனால் நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் பானட்டுக்குள் சூடு கூடிக்கொண்டேதான் போகிறது. பெட்ரோல் தண்ணீர்போல 100 டிகிரியில்தான் கொதிக்கிற பொருள் இல்லை. அது பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரிப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கும்.

ஆவியானால் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். குழாயிலும் பம்பிலும் ஆவியானால் பம்ப் ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர பெட்ரோலை இழுக்காது. ஊரில் இதற்கு ஏர் லாக் என்று பெயர். கார்புரேட்டரின் கிண்ணத்தில் கொதித்தால் பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்து இன்ஜின் மூழ்கிப்போகும்; அது ஓவர்ஃப்ளோ. ஒன்றில் பெட்ரோல் பஞ்சம், மற்றதில் வெள்ளம். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாமா ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். உலர்ந்திருந்தால் பஞ்சம், நனைந்திருந்தால் வெள்ளம். வெள்ளமென்றால் ஆக்சிலேட்டரை ஒரே அமுக்காகத் தரையோடு அமுக்கிப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்வார். உள்ளே காற்று நிறையப் போய் ஈரம் வெளியேறி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். "பம்ப் பண்ணக் கூடாதுங்க, அமுக்கிப் புடிச்சுக்கோணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். பதற்றத்தில் காலால் திரும்பத் திரும்ப மிதிப்பதுதான் மனித இயல்பு. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும்.

வால்பாறை எஸ்டேட்டில் இருந்த சித்தி வீட்டு விசேஷத்துக்கு ஒரு வைகாசியில் குடும்பமே ஒரு காரில் கிளம்பினோம். பின்சீட்டில் அம்முச்சி, அம்மா, நான், எங்கள் மடிகளில் தேங்காய்ப் பையும் வாழைத்தாரும். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் முழுக்க ரெண்டாவது கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டே போகும்; வேகம் இல்லாததால் எதிர்க்காற்றும் கிடையாது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அட்டகட்டியில் டீக்கு நிறுத்தினோம். மாமா எப்போதும் செய்வதுபோல வண்டியைத் திருப்பி, மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினார். செல்ஃப் கைவிட்டாலும் பிரேக்கை விட்டால் உருளும், கியரைப் போட்டு எடுத்துவிடலாம். நிறுத்தியதும் பானட்டைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார்.

அங்கே ஏற்றத்தைப் பார்க்க ஒரு கார் நின்றிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் கல். ஓட்டிவந்தவர் வியர்த்துப்போய்ச் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தார். சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. உள்ளே ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. மாமா டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். "கொஞ்சம் அடிக்காம இருங்க, பேட்டரி போயிரும். நிறுத்தி எத்தனை நேரம் ஆச்சுங்க?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கால் மணி நேரம் இருக்கும்" என்றார். அம்முச்சி கேட்காமலேயே குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டாள்.

ஏசி பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பாதிக் குடுவை காலி. மீதியில் குமிழ் குமிழாக எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா தன் மாற்றுத் துண்டைக் கொடுத்தாள். ஓடைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பம்பின்மேலும் கார்புரேட்டருக்குப் போகிற குழாயின்மேலும் சுற்றினார். ஆவி எழுந்தது. துண்டு காய்வதற்குள் இன்னொரு முறை நனைத்தார். குமிழ்கள் அடங்கியதும் பம்பின் அடியில் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் ஏற்றி இறக்கினார். முதலில் லேசாக அசைந்தது, பிறகு விரலுக்கு எதிர்ப்புக் கொடுத்தது, குடுவை நிறைந்தது. "இப்ப அடிங்க." பிடித்துக்கொண்டது.

அவர் சட்டைப்பையில் கைவிட, மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "மேல போனதும் உடனே ஆஃப் பண்ணாதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. நிறுத்துனதும் பானட்டத் தொறந்து வெச்சுருங்க. ஒரு கேன் தண்ணியும் ஒரு துணியும் டிக்கில கெடக்கட்டும்." அம்மாவின் துண்டும் அவர்களோடேயே போய்விட்டது. அந்தக் காலத்தில் மலைப்பாதையில் நின்ற வண்டியைத் தாண்டிப் போகிற டிரைவரை நான் பார்த்ததில்லை. லாரிக்காரர்கூட ஏற்றத்தில் வேகம் போய்விடுமே என்று பார்க்காமல் நிறுத்தி, "என்னாச்சு?" என்று கேட்பார்.

ஈரத்துணி மருந்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதையே சோதனைக் கருவியாகவும் மாமா பயன்படுத்துவார் என்று டாக்டரம்மாவின் கார் வந்தபோதுதான் தெரிந்தது. ராத்திரி பகல் பாராமல் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர். வண்டி எங்கேயாவது கைவிட்டால் ஒரு உயிர் விஷயம். அவருடைய கார் சில நாள் ஒழுங்காக ஓடும். சில நாள் சூட்டில் நின்று பிடிவாதம் பிடிக்கும். வேறு இடங்களில் பம்ப் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் மாற்றியாயிற்று. ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் சாவியைத் தொட்டதும் எடுக்கும். "இப்ப நல்லாத்தானுங்களே இருக்குது" என்று யாரும் அனுப்பிவிடலாம். மாமா, "ரெண்டு நாள் வண்டி இங்க இருக்கட்டுமுங்க. அது எப்பப் படுக்குதோ அப்ப நான் பக்கத்துல இருக்கோணும்" என்றார். டாக்டரம்மா உடனே ஒத்துக்கொண்டார். மலேரியாவுக்குக் குளிர்காய்ச்சல் ஏறியிருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல என்றார் அவர்.

உச்சி வெயிலில் ஆழியாறுவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, புளிய நிழல் விழாத இடத்தில் நிறுத்திப் பானட்டை மூடினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பத்து நிமிஷம் ஆனதும் சொன்னேன். எடுக்கவில்லை. பம்பின்மேல் ஈரத்துணி, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தால், இல்லை. துணியை எடுத்துவிட்டுக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற தடித்த ஒயரை உருவி, நுனியைக் குறட்டால் பிடித்து இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டினார். "சாவியத் திருப்பு கண்ணு." நல்ல கரண்ட் நீலமாக, சட்டென்று வெடிக்கிற சத்தத்தோடு பாயும். அன்று வந்தது மஞ்சளாக, மெல்லியதாக, வந்தும் வராமலும். காயில் டப்பாவைத் தொட்டால் கை சுட்டது. அதன்மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றினார், ஒயர் முனைகளில் தண்ணீர் படாமல். துணியை இரண்டு தடவை மாற்றிய பிறகு ஒயரைச் செருகி அடித்தார். இன்ஜின் ஓடியது. மறுநாள் மத்தியானம் அதே ஓட்டம், அதே வெயில், அதே துணி. காயிலைக் குளிர்வித்தால்தான் எடுத்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் குளிர்விக்க வேண்டும், மொத்த இன்ஜின்மேலும் தண்ணீரை ஊற்றினால் வண்டி கிளம்பும், ஆனால் எதனால் கிளம்பியது என்று ஒருநாளும் தெரியாது. பிற்பாடு நான் படித்த எந்த விஞ்ஞானப் பாடமும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

புதுக் காயில் மாட்டியதோடு மாமா விடவில்லை. நல்ல காயில் எதற்குக் கெட்டது? டிரைவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரம்மா உள்ளே பிரசவம் பார்க்கும்போது வெளியே என்ன செய்வீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். ரேடியோ கேட்பாராம். அந்த வண்டியில் யாரோ ரேடியோவுக்குச் சாவி வழியாக ஒயர் இழுத்திருந்தார்கள். இக்னிஷனைப் போட்டால்தான் பாடும். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் போட்டிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்கும் பட்சத்தில், 3 ஓம் காயிலுக்குள் 4 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும். ஏறத்தாழ 48 வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள் மணிக்கணக்காக இறங்கும். பாயிண்ட் திறந்து நின்ற நாட்களில் ஒன்றும் ஆகாது. சில நாள் நோய், சில நாள் சுகம் என்று எல்லோரையும் குழப்பியது இதுதான்.

டாக்டரம்மாவிடம் மாமா இதைச் சொல்லவில்லை. ரேடியோ ஒயரைச் சாவியிலிருந்து கழற்றி, ஒரு ஃப்யூஸ் வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தார். "இனி சாவி போடாம பாட்டுக் கேளுங்க" என்றார். டிரைவர் அண்ணன் தீபாவளிக்குத் தீபாவளி ஷெட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கார்புரேட்டர் வைத்த புதுக்கார் கிடையாது. பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது; பெட்ரோலை உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளுவதால் குழாயில் அது எளிதில் கொதிப்பதில்லை. பாயிண்ட் போயிற்று. டிக்கியில் தண்ணீர்க் கேனும் கந்தைத் துணியும் வைத்திருப்பவர்கள் அரிது. வண்டி நின்றால் ஒரு எண்ணுக்குப் பேசிவிட்டுக் கண்ணாடியை ஏற்றி உள்ளே உட்காருகிறார்கள். தூக்கிப்போக வண்டி வருகிறது. அது நல்லதுதான். ராத்திரியில் பெண்கள் தனியாக ஓட்டிப்போக இந்த ஏற்பாடு பெரிய தைரியம். அட்டகட்டியில் அம்முச்சி தோளில் தூங்கிய குழந்தையை நினைக்கும்போது மட்டும் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

போன கோடையில் உடுமலைக்கு முன்னால் ஒரு பேக்கரியில் டீக்கு நிறுத்தியிருந்தேன். பழனிக்குக் குழந்தைக்கு முடியிறக்கப் போகிற இளம் தம்பதி; டீ குடித்துவிட்டு வந்தால் கார் எடுக்கவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. "நிறுத்தி எத்தனை நேரம் ஆச்சுங்க?" என்று என் வாய் தானாகக் கேட்டது. அந்தக் கணவர் செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டைப் பார்த்தேன். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் லேசாகவாவது துடிக்க வேண்டும். அது பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. இன்ஜின் சுற்றுவதை அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்ல கிராங்க் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. அது வாய் மூடினால் கம்ப்யூட்டர் பெட்ரோலும் தராது, நெருப்பும் தராது. அந்தச் சென்சாரில் ஒரு வகையைப் பிரித்தால் உள்ளே இருப்பது பழைய காயிலில் இருந்த அதே மெல்லிய செம்புக்கம்பிச் சுற்றுதான். உள்ளே எங்கோ அறுந்த நுனிகள் குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும்.

அவர்கள் கூப்பிட்ட மெக்கானிக் தம்பி பைக்கில் வந்து சேர்வதற்குள் வண்டி ஆறி, ஒரே அடியில் எடுத்துவிட்டது. ஸ்கேனரைச் செருகினார், எரர் கோட் எதுவும் பதிவாகவில்லை. "ஒண்ணும் இல்லீங்க, போலாம்" என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையாததைச் சொன்னேன். "அப்படீங்களாம்மா?" என்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கணவரிடம், "அண்ணா, ஒரு அரை மணி நேரம் குடுங்க. பைபாஸ்ல ஒரு ஓட்டம் போய்ட்டு வந்து சூட்டோட நிறுத்திப் பார்க்கோணும். இப்படியே விட்டா சாயங்காலம் மலையடிவாரத்துல நிப்பீங்க" என்றார்.

ஓட்டிவந்து வெயிலில் நிறுத்தினார்கள். காத்திருந்த நேரத்தில் பேக்கரிக்காரர் இன்னொரு சுற்று டீ கொடுத்தார். குழந்தை என்னிடம் வந்து உட்கார்ந்து பன் தின்றது. பாயிண்ட், கண்டன்சர், ஏசி பம்பின் கண்ணாடிக் குடுவை எல்லாம் எப்படி இருக்கும் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். பேப்பர் நாப்கினில் வரைந்து காட்டினேன். பன்னிரண்டாவது நிமிஷம் அவர் எழுந்துபோய்ச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, முள் அசையவில்லை, வண்டி எடுக்கவில்லை.

"புடிச்சாச்சும்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பேக்கரியே திரும்பிப் பார்த்தது. சூட்டோடேயே சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி மீட்டரை வைத்தார். ஓம் எதுவும் காட்டவில்லை. உடுமலைக்கு ஆளனுப்பிப் புதுச் சென்சார் வரவழைத்து மாட்டியும், உடனே காசு வாங்கிக்கொள்ளவில்லை. இன்னொரு ஓட்டம், இன்னொரு பத்து நிமிஷ வெயில், இரண்டு முறை எடுத்துப் பார்த்த பிறகுதான் பில் போட்டார். பழைய சென்சாரைக் கிழித்த பேப்பரில் மடித்து அந்தக் கணவர் கையில் கொடுத்து, "இதாங்கண்ணா ஆளு" என்றார்.